அலர், மடல், இற்செறிப்பு

அகப்பொருள் நடத்தும்போது மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வழக்கம். அலர், மடல், இற்செறிப்பு. களவில் இருக்கும் பெண்ணைப் பற்றி ஊர் வாய்விட்டுப் பேசுவது அலர். அவளைத் தர மறுப்பவர்களை வழிக்குக் கொண்டுவர, ஆண் பனைமடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவுக்கு வருவது மடல். பேச்சு கிளம்பியபின் பெண்ணை வாசல் தாண்டவிடாமல் காப்பது இற்செறிப்பு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஆகும் என்பதால் மாணவிகள் குறித்துக்கொள்வார்கள்.

2024 பிப்ரவரி முதல் வாரத்தில் இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. என் வகுப்பில் தளி, கெலமங்கலம், பாகலூர், சூளகிரிப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகள். வீட்டில் சிலருக்குத் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். வகுப்பில் எல்லோருக்கும் தமிழ். பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேம், எங்க வீட்ல என் போனை பீரோல வெச்சுப் பூட்டிட்டாங்க. அது இற்செறிப்புல வருமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தபின் அவள் மட்டும் நின்றாள். கல்லூரி விழாவில் புடவை கட்டி எடுத்த அவள் படத்தை யாரோ எடுத்து, அசிங்கமான வாசகத்தோடு ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அண்ணனின் நண்பன் பார்த்து அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். அன்றிரவே அவள் கணக்கு அழிக்கப்பட்டது, போன் பீரோவுக்குள் போனது. படத்தைப் போட்ட பக்கம் அப்படியே இருந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய்க்கான வங்கிக் குறுஞ்செய்தி இப்போது அண்ணனின் போனுக்குப் போகிறது. "வந்துச்சா இல்லையான்னு அவன்தான் மேம் சொல்லணும்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். "கொஞ்ச நாள் அமைதியா இரு கண்ணு, தானா அடங்கிடும்" என்றேன். அலர் அடங்கும்வரை உள்ளே இரு என்று பழம்பாடல்களின் தாய் சொன்னதையே, அதே பாடல்களைப் படித்து முனைவர் பட்டம் வாங்கிய நானும் சொல்லியிருந்தேன்.

*

அந்த வாரம் எல்லோருடைய போனிலும் ஒரு துண்டுக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜனவரி 31, அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழு. மெட்டாவின் மார்க் ஸக்கர்பெர்க், ஸ்னாப்பின் எவான் ஸ்பீகல், டிக்டாக்கின் ஷோ ஸி ச்யூ, டிஸ்கார்டின் ஜேசன் சிட்ரான், எக்ஸின் லிண்டா யக்கரினோ வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஐவரில் யக்கரினோ தவிர மற்றவர்கள் முப்பதுகளிலும் நாற்பதின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால், சமூக ஊடகத்தால் பாதிக்கப்பட்ட, உயிரிழந்த தம் பிள்ளைகளின் படங்களைப் பிடித்தபடி பெற்றோர்கள். உங்கள் கைகளில் ரத்தம் இருக்கிறது என்றார் லிண்ட்ஸி கிரஹாம். இந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று ஜாஷ் ஹாலி விடாமல் கேட்க, ஸக்கர்பெர்க் எழுந்து திரும்பி, நீங்கள் பட்ட துன்பத்துக்கு வருந்துகிறேன் என்றார். உலகம் முழுக்கப் பரவியது அந்த நிமிடம்தான்.

அதை ஒரு நாடகப் பிரதியைப்போல வாசித்துப் பார்த்தேன். மூத்த ஆண்கள் இளைய ஆண்களை அதட்டுகிறார்கள். வீட்டுப் பெரியவர் பையனைக் கூடத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதுபோல இருக்கிறது. பையன் தலைகுனிகிறான். பெரியவரின் மானம் நிலைக்கிறது. யாரைப் பற்றிய பேச்சோ அந்தப் பிள்ளைகள் அறையில் பெரும்பாலும் படங்களாகவே இருக்கிறார்கள். செனட்டர் டாம் காட்டன் தன் நேரத்தில் ஒரு பகுதியை, நீ எந்த நாட்டுக் குடிமகன், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்று ச்யூவைக் கேட்பதில் செலவிட்டார். நான் சிங்கப்பூர்க்காரன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பேச வந்த இடத்தில் தேசத்தின் பாதுகாப்பு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

நிறுவனங்களுக்காகப் பரிந்து பேச எனக்கு ஒன்றுமில்லை. 2021இல் பிரான்செஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் பேஸ்புக்கின் சொந்த ஆய்வே இருந்தது. உடலைப் பற்றி மனம் நொந்திருக்கும்போது இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்குகிறது என்று 32 விழுக்காடு பதின்வயதுப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். நிறுவனத்துக்கு அது தெரிந்திருந்தது. 13 வயதுப் பிள்ளை ஒன்றின் வாழ்நாள் மதிப்பு ஏறக்குறைய 270 டாலர் என்று மெட்டாவின் உள்மின்னஞ்சல் ஒன்று கணக்கிட்டதை அதே விசாரணையில் மார்ஷா பிளாக்பர்ன் வாசித்துக் காட்டினார். பெண்பிள்ளைக்கு இத்தனை பவுன், இத்தனை ரொக்கம் என்று பேசிப் பழகிய நம் செவிக்கு அந்தக் கணக்கு புதிதாக ஒலிக்காது.

இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். 2003இல் 19 வயது ஸக்கர்பெர்க் ஹார்வர்டில் முதலில் செய்த தளங்களுள் ஒன்று பேஸ்மாஷ். விடுதிப் பக்கங்களிலிருந்து மாணவர் படங்களை அனுமதியில்லாமல் எடுத்து, இரண்டிரண்டாக அருகருகே வைத்து, யார் கவர்ச்சி என்று வாக்குக் கேட்டது அது. பெண்கள் எதிர்த்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த முதல் மன்னிப்புக்கும் செனட் அறையின் மன்னிப்புக்கும் இடையில் 20 ஆண்டுகள் இருக்கின்றன.

அந்த 20 ஆண்டும் சட்டம் இயற்றும் இடத்தில் இருந்தவர்கள், அதட்டிய அந்த அவையின் உறுப்பினர்கள்தாம். பயனர் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பில்லை என்ற பாதுகாப்பை 1996இல் தந்தது அவர்களுடைய நாடாளுமன்றம். குழந்தைகளின் இணையப் பாதுகாப்புக்கான மசோதா 2024 ஜூலையில் செனட்டில் 91க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியது. கீழவை அந்த ஆண்டு அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. மன்னிப்புக் காணொளி மட்டும் நம் ஊர்வரை வந்து சேர்ந்தது.

*

இதே நாடகம் தமிழில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது. 2019 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் தமிமுன் அன்சாரி டிக்டாக்கைத் தடைசெய்யக் கோரினார். தடைக்கு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றார் அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மணிகண்டன். ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை செயலியைத் தரவிறக்கம் செய்வதைத் தடுக்க உத்தரவிட்டது. அமெரிக்காவில் 1998இல் வந்த சிறார் இணையத் தனியுரிமைச் சட்டம்போல் இங்கும் ஒன்று வருமா என்று மத்திய அரசைக் கேட்டது. அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஆனால் பொதுவெளியில் அதை யாரும் பேசவில்லை. பேசப்பட்டது பண்பாட்டுச் சீரழிவு. வழக்கு மனுவிலும் அதுவே முன்னால் நின்றது. சீரழிவுக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர்கள் ஆடிய, பாடிய, உதடசைத்த பெண்கள். கூலி வேலை முடிந்து வந்து அரைநிமிடம் ஆடிய பெண்ணின் இடுப்பில் தமிழ்ப் பண்பாடு தொங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளுள் ஒன்றாக டிக்டாக் இந்தியாவிலிருந்து போனபோது சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மை. குழந்தைகள் அந்தக் காரணத்தில் இல்லை.

சட்டமன்றப் பேச்சுக்கும் நீதிமன்றத் தடைக்கும் நடுவில் ஒரு மார்ச் மாதம் இருந்தது. பொள்ளாச்சி வெளிவந்த மார்ச். பெண்களிடம் பழகி, அழைத்துச் சென்று, வன்முறை செய்து, அதைப் படம் பிடித்து, படத்தைக் காட்டி மிரட்டிய கூட்டம். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னது காவல்துறை அதிகாரி. வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அவள் பெயர் இருந்தது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது அதே மதுரைக் கிளை. செயலியால் பண்பாடு கெடுகிறது என்று பேசிக்கொண்டிருந்த அரசின் கையிலிருந்தே ஒரு பெண்ணின் பெயர் தெருவுக்குப் போயிற்று.

இங்கேதான் கரும்பலகையின் இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். மடலேறுதலை ஆணின் காதல் மிகுதி என்று பாடம் நடத்துகிறோம். உரைகள் சொல்வதைக் கூர்ந்து பாருங்கள். மடலேறுபவன் அவள் உருவத்தைத் துணியில் எழுதிக் கையில் ஏந்தி, அவள் பெயரைச் சொல்லி, ஊர் கூடும் தெருவுக்கு வருகிறான். அந்தப் படம் வெளியே வந்தால் அவள் வீட்டார் பணிவார்கள் என்பது அவன் கணக்கு. மடலேறுவேன் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். பெண் மடலேறுவதைத் தொல்காப்பியம் ஏற்பதில்லை. ஒரு பெண்ணின் உருவத்தை அவள் அனுமதியில்லாமல் தெருவில் காட்டுவேன் என்ற மிரட்டலை ஓர் இலக்கியத் துறையாக வைத்திருக்கும் மரபு நம்முடையது. பொள்ளாச்சியில் பிடிபட்டவர்கள் சங்க இலக்கியம் படித்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. படம் வெளியே வந்தால் அவமானம் அவளுக்கு என்ற விதி இந்த ஊர்க்காற்றில் இருக்கிறது. மடலேறியவன் தெருவிலேயே இருக்கிறான். உள்ளே போகிறவள் அவள்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. இற்செறிப்பை மறுத்த பெண்களால் வந்த தீர்ப்பு அது.

*

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியைப் பெங்களூருக்குக் கொண்டுபோய், 29 வயது ஆணுக்குக் கட்டிவைத்தார்கள். ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றிருந்தது. ஊர் திரும்பியதும் அவனோடு போகமாட்டேன் என்று மறுத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் அலறினாள். யாரோ படம் பிடித்தார்கள். அந்தக் காணொளி பரவியதால் காவல்துறை வந்தது. கட்டியவன், அவன் அண்ணன், சிறுமியின் தாய் ஆகியோர் கைதானார்கள்.

அந்தக் காணொளி எனக்கும் வந்தது. பதறிப்போய் ஆசிரியர்கள் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தோழி கேட்டாள்: "முகம் தெரியுதே, பாத்தியா?" நான் பார்த்திருக்கவில்லை. குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது, போக்சோவின் 23ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பில் இதை நானே சொல்லியிருக்கிறேன். அழித்தேன். நான் அழித்ததற்குள் அது எத்தனை கைகளுக்குப் போயிருக்கும்? அவளைக் காப்பாற்றியதும் அந்தக் காணொளிதான். அவள் அலறலைக் கர்நாடகம்வரை எல்லோருடைய உள்ளங்கையிலும் வைத்ததும் அதுதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் நாகமங்கலம் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் மறைகேமரா இருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் விடுதிக்கு வெளியே திரண்டு உட்கார்ந்தார்கள். அங்கே தங்கியிருந்த ஒரு பெண்ணும், பிறகு வடக்கே அவருடைய ஆண் நண்பரும் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் குழந்தைகள் இல்லை, பதினெட்டைத் தாண்டியவர்கள். ஆனாலும் செய்தி பரவிய மறுநாள் பல வீடுகளில் கேட்ட வாசகம், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லும் அதே வாசகம்தான்: "பையை எடுத்துட்டு வந்துடு." கேமராவை வைத்தவர் யார், ஏன் அது இத்தனை எளிதாயிற்று என்ற கேள்விகளைவிட, சம்பாதிக்கப் போன மகளைத் திரும்ப அழைப்பது எளிதாக இருந்தது. அன்றிரவு தரையில் உட்கார்ந்த பெண்கள் கேட்டது வேறு. எங்களை அனுப்பாதே, விடுதியைச் சரிசெய் என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம்.

பாதுகாப்பு என்று யார் பேசினாலும் இப்போது நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இந்தப் பாதுகாப்புக்கு யார் எதைக் கைவிட வேண்டும்? தொழிற்சாலையா, தளமா, படம் எடுத்தவனா, அவளா?

*

இந்தக் கேள்வியோடு சட்டங்களை வாசிக்கலாம். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அதன் 9ஆம் பிரிவில் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி நிறுவனத்துக்கு: குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்காதே, அதைக் குறிவைத்து விளம்பரம் செய்யாதே. மீறினால் 200 கோடி ரூபாய்வரை தண்டம். இந்தப் பாதியை வரவேற்கிறேன். மறுபாதி, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெங்களூரின் நடுத்தர வர்க்க அடுக்குமாடியில் இது பொருந்தலாம். அஞ்செட்டியில் பெற்றோர் என்பவர் யார்? அங்கே 14 வயதில் கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் பெற்றோர்தான். 17 வயதுப் பெண் 1098ஐப் பற்றி, மாதவிடாயைப் பற்றி, தன்னைத் தொட்ட மாமாவைப் பற்றி எங்கேனும் எழுதிக் கேட்க வேண்டுமென்றால், அந்த வாசலின் சாவி அப்பாவிடம் தரப்படுகிறது. எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். குடும்பம் ஆபத்தான இடமாகவும் இருக்கும் என்பதை அந்த வரியில் நினைக்க மறந்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. அதே மாதம் அதுபோன்ற சட்டத்தை ஆராயலாம் என்று மதுரைக் கிளையும் மத்திய அரசுக்குச் சொன்னது. அந்தத் தடை சரியா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஆனால் அதில் ஓர் அம்சத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை தண்டம் கட்ட வேண்டியது நிறுவனம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. நம் ஊருக்கு இது வரும்போது முதலில் காணாமல் போகப்போவது இந்த அம்சம்தான் என்று பயப்படுகிறேன். தடை என்ற சொல் மட்டும் கிராமத்துக்கு வந்து சேரும். அண்ணன் கையில் பீரோ சாவி ஏற்கெனவே இருக்கிறது. இனி அவனுக்கு அரசாங்கத்தின் வாசகமும் கிடைக்கும். தம்பியின் போன் தம்பியிடமே இருக்கும்.

அதனால் அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டியது அதட்டலையல்ல, வேலையை. அந்தரங்கப் படம், மாற்றப்பட்ட படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இன் விதிகள் சொல்லின. தமிழில் ஒரு பெண் புகார் எழுதினால் தளத்தில் அதைப் படிக்க ஆள் இருக்கிறாரா என்று சட்டமன்றத்தில் கேட்கலாம். சைபர் காவல் பிரிவில் மாலை ஆறு மணிக்குமேல் பெண் காவலர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இவற்றுக்குக் கைதட்டல் விழாது. துண்டுக் காணொளியும் வராது.

*

அந்த மாணவியிடம் அமைதியாக இரு என்று சொன்ன நான்கு நாட்களுக்குப் பிறகு அவளைத் திரும்ப அழைத்தேன். "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது. ஆசிரியர் அறையில் என் போனிலேயே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தோம். மற்ற ஏழு பெண்களின் படங்களும் அதில் இருந்தன. மூன்று பேரை அவளுக்குத் தெரியும்.

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யப் போனால் கைபேசி எண் கேட்டது. அவள் எண்ணுக்கு வரும் ஓடிபி அண்ணனிடம் போகும். என் எண்ணைத் தருகிறேன் என்றேன். யோசித்தாள். "வேணாம் மேம், உங்களுக்கும் பிரச்சினை ஆகும்" என்றாள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது. அதில் பதிந்தோம். எட்டுப் படங்களின் இணைப்புகளையும் அவளே ஒவ்வொன்றாக ஒட்டினாள். அவள் படமும் பெயரும் தெருவில் இருந்தன. புகாரில்தான் அவளுக்குப் பெயர் இல்லை.

ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் காணாமல் போனது. யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நடத்தியவன் யாரென்றும் தெரியவில்லை. அவளுடைய போன் பீரோவிலிருந்து வெளியே வர அடுத்த கல்வியாண்டு பிறந்தது.